பதிப்புரிமையும் நியாயமான உபயோகமும்

மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் ஒளிபரப்பாகின்றது. அந்நேரத்தில் வீட்டில் இருக்க இயலாத ஒருவர், தமது பதிவு இயந்திரத்தை முன்னரே ஆயத்தம் செய்து வைத்துவிட்டு வெளியே செல்கின்றார். இரவு பத்து மணிக்குத் திரும்பிவந்து அந்நாடகத்தைப் பார்க்கின்றார். மறுநாள் அதே நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்கின்றார். இவர் யாருக்கேனும் தீங்கு இழைத்தவராவாரா? சாதாரண மனிதர் ஒருவரிடம் இதனைக் கேட்டால் அவர் நகைக்கவுங்கூடும். ஆயினும், இந்த ஒரே செயல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1984ஆம் ஆண்டிலேயே சட்டத்துக்கு இசைந்ததென்று தீர்க்கப்பட்டது. அவுஸ்திரேலியாவிலோ 2006ஆம் ஆண்டின் இறுதிவரை சட்டத்தை மீறிய செயலாகவே இருந்தது. இவ்விரு நாட்டு மக்களின் ஒழுக்கத்திலே பேதம் எதுவுமில்லை. இயந்திரங்களிலும் பேதமில்லை. பேதம் முழுவதும் சட்டப் புத்தகத்திலுள்ள இரண்டு சொற்றொடர்களில் அடங்கியிருந்தது. ஒன்று ‘நியாயமான உபயோகம்’. மற்றது ‘நியாயமான கையாளுகை’.

செவிக்கு இரண்டும் ஒரே பொருள் தருவன போலத் தோன்றும். ஆனால் இவற்றுள் எதனை ஏற்பது என்பது பற்றி இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா முதலிய நாடுகளில் ஆணைக்குழுக்கள் அமர்ந்து ஆராய்ந்திருக்கின்றன. எழுத்தாளரும் ஆசிரியரும் நூலகரும் எதிரெதிர் அணிகளில் நின்று வாதாடியிருக்கின்றனர். இலங்கையின் சட்டமும் ஒரு சொல்லிலிருந்து மற்றதற்கு மாறியதொன்றே.

பதிப்புரிமை என்பது, நூலையோ இசையையோ ஓவியத்தையோ ஆக்கியவருக்கு, அதனைப் பிரதி செய்யவும், வெளியிடவும், அவ்வாறு செய்யப் பிறருக்கு அனுமதி வழங்கவும் மறுக்கவும் சட்டம் ஒரு கால எல்லைக்குள் அளிக்கும் தனியுரிமையாகும். 1710ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியாரின் சட்டம் இங்கிலாந்தில் புதிய நூல்களுக்கு 14 ஆண்டுகளும், அக்காலம் முடிகையில் ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டுகளும் இவ்வுரிமையை வழங்கிற்று. இன்று பல நாடுகளில் அது ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளுமாக நீண்டுவிட்டது. உரிமை நீள நீள, அதனோடு ஒரு கேள்வியும் வளர்ந்து வந்தது. உரிமையாளரின் அனுமதி இன்றிப் பிறர் எவ்வளவு எடுத்தாளலாம்? மதிப்புரை எழுதுபவர் ஒரு நூலிலிருந்து சில வரிகளையேனும் எடுத்துக் காட்டாமல் அதன் குறையை எவ்வாறு நிறுவுவார்? அனுமதி பெற்றே கண்டிக்க வேண்டும் என்றால், கண்டிக்கப்படுபவர் அனுமதி தருவாரா?

எடுத்தாளல் என்பது களவின் மறுபெயரன்று என்பதைத் தமிழ் படித்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஐம்பெருங் காப்பியங்களுள் எண்ணப்படும் வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூல்களாக இன்று நமக்குக் கிடைத்தில. உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டிய செய்யுள்களும், திரட்டு நூல்களைத் தொகுத்தோர் எடுத்துக்கோத்த செய்யுள்களுமே எஞ்சியுள்ளன. பதிப்புரிமைச் சட்டம் பிறவாத காலம் அது; எனவே அதனை இக்காலச் சட்டத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் மேற்கோள் என்பது மூலநூலுக்குப் பகையாக மட்டுமன்றி, சில வேளைகளில் அதன் உயிரைக் காக்கும் கருவியாகவும் அமையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

சட்டத்தில் இக்கேள்விக்கு முதலில் விடை கூறியோர் பாராளுமன்றத்தினரல்லர், நீதிபதிகளே. ஆங்கில நீதிமன்றங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே, பெரிய நூல் ஒன்றை உண்மையான உழைப்புடன் சுருக்கி எழுதுதல் புதிய நூல் செய்தலை ஒக்கும் என்று கருதின. இவ்வழியிலே வந்த சிந்தனையை 1841ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் மாநிலத்தில் நீதியரசர் ஜோசப் ஸ்ரோரி ஒரு தீர்ப்பில் திரட்டி வடித்தார். அவ்வழக்கின் வரலாறு சற்று விரிவாகக் கூறத்தக்கது.

ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்னும் வரலாற்றாசிரியர், அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் கடிதங்களையும் பிற எழுத்துக்களையும் தேடித் தொகுத்துப் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதன்பின் சார்ல்ஸ் உப்பம் என்பவர், வாஷிங்டன் தம் கதையைத் தாமே கூறுவது போல அமைத்து, பாடசாலை நூலகங்களுக்கென இரண்டு பாகங்களில் ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதிலிருந்த 866 பக்கங்களுள் 353 பக்கங்கள் ஸ்பார்க்சின் பெருந்தொகுப்பிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டவை. ஸ்பார்க்சின் பதிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். பெருந்தொகுப்போடு ஒப்பிட்டால் எடுக்கப்பட்ட பங்கு சிறிது. உப்பத்தின் நோக்கமோ மாணவர்க்கு உதவுவது. அவர் கடிதங்களைத் தேர்ந்து ஒழுங்குபடுத்தியதிலும் உழைப்பு உண்டு. இவை அனைத்தையும் கருதிய பின்னரும் ஸ்ரோரி, எடுத்தவை அத்தொகுப்பின் பெறுமதி மிக்க பகுதிகளே என்றும், அவற்றை எடுத்தது உரிமை மீறலே என்றும் தீர்த்தார். நற்பணி ஒன்றுக்குத் தம் தீர்ப்பு இடையூறாகக் கூடும் என்ற வருத்தத்தையும் அவர் மறைக்கவில்லை.

தீர்ப்பு எதிராளிக்குப் பாதகமானது. ஆனால் அதிலே அவர் வகுத்த அளவுகோலே பிற்காலத்தில் எதிராளிகளின் கேடயமாயிற்று. எடுத்தாண்டதன் தன்மையும் நோக்கமும் யாவை, எடுத்தது எவ்வளவு, அதன் பெறுமதி யாது, அதனால் மூலநூலின் விற்பனைக்கும் இலாபத்துக்கும் எத்துணைப் பாதிப்பு நேரும் என்பனவற்றை ஒருங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அமெரிக்கக் காங்கிரஸ் 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 107ஆம் பிரிவாக இதனை எழுதிவைத்தது. கண்டனம், விளக்கம், செய்தி, கற்பித்தல், புலமை, ஆராய்ச்சி என்னும் நோக்கங்கள் அங்கே உதாரணமாகக் கூறப்பட்டுள்ளன. ‘போன்ற’ என்னும் ஒரு சொல் அவற்றோடு சேர்ந்து நிற்கின்றது. அச்சொல்லே கதவைத் திறந்து வைப்பது. பட்டியலில் இல்லாத நோக்கமும் நியாயமானதாயின் உள்ளே வரலாம்.

இங்கிலாந்து வேறு வழியிற் சென்றது. 1911ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, கண்டனம், மதிப்புரை, பத்திரிகைச் சுருக்கம் என்னும் ஐந்து நோக்கங்களைப் பெயர்சுட்டிக் கூறி, அவற்றின் பொருட்டுச் செய்யும் நியாயமான கையாளுகை உரிமை மீறலாகாது என்றது. இங்கே ‘போன்ற’ என்ற சொல் இல்லை. எனவே வழக்கில் அகப்பட்டவர் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். தம் செயல் அந்த ஐந்தில் ஒன்றனுள் அடங்குமா என்பது முதல் வாசல். அடங்கினால், அது நியாயமாக நடந்ததா என்பது இரண்டாம் வாசல். முதல் வாசலில் தடைப்பட்டவர் எவ்வளவு நியாயவானாயினும் இரண்டாம் வாசலை அணுகவே முடியாது. நாடகத்தைப் பதிவு செய்து மூன்று மணி நேரம் பிந்திப் பார்த்தவர் படிக்கவில்லை, ஆராயவில்லை, கண்டிக்கவில்லை. அவர் முதல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இச்சட்டம் பேரரசெங்கும் பரவியது. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பதிப்புரிமைக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக அது நிலைபெற்றது. இந்தியாவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் பின்னர்த் தத்தம் சட்டங்களை இயற்றிய காலத்தும் இப்பட்டியல் முறையையே பேணின.

அமெரிக்க முறை எவ்வாறு தொழிற்படும் என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். முதலாவது, தொலைக்காட்சிப் பதிவு இயந்திரம் பற்றியது. பீற்றாமக்ஸ் என்னும் அவ்வியந்திரத்தை விற்ற சோனி கம்பனி மீது இரண்டு திரைப்படக் கம்பனிகள் 1976ஆம் ஆண்டில் வழக்கிட்டன. முதல் நீதிமன்றம் சோனிக்குச் சார்பாகத் தீர்த்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. உச்ச நீதிமன்றம் இருமுறை வாதங் கேட்டபின் 1984ஆம் ஆண்டில், ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, மீண்டும் சோனிக்குச் சார்பாகத் தீர்த்தது. நேரத்தை மாற்றிப் பார்த்தலால் உரிமையாளர்க்குக் குறிப்பிடத்தக்க நட்டம் நிறுவப்படவில்லை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. சிறுவர் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற பிரெட் ரோஜர்ஸ், தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து தமக்கு வாய்ப்பான நேரத்தில் பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்று கூறிய சாட்சியத்தையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஒரு நாட்டின் இலட்சக்கணக்கான வீடுகளில் நடந்த செயல் ஒரேயொரு நீதியரசரின் வாக்கினால் சட்டத்தின் உள்ளே நின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது வழக்கு மறுபக்கத்தைக் காட்டுவது. முன்னாள் சனாதிபதி ஜெரல்ட் போர்ட்டின் நினைவுக்குறிப்பு 1979ஆம் ஆண்டில் நூலாக வெளிவர இருந்தது. வெளிவருமுன் அதன் பகுதியை அச்சிடுவதற்கு ‘ரைம்’ சஞ்சிகை 25,000 டொலர் தர உடன்பட்டுப் பாதிப் பணத்தைச் செலுத்தியிருந்தது. இடையில் ‘நேஷன்’ என்னும் சஞ்சிகை அனுமதியின்றிக் கிடைத்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு ஒரு கட்டுரையை வெளியிட்டது. இரண்டு இலட்சம் சொற்கள் கொண்ட நூலிலிருந்து அது சொல் மாறாமல் எடுத்தவை ஏறக்குறைய 300 சொற்களே. ஆனால் அவை, தமக்கு முன்னவரான நிக்சனை மன்னித்ததைப் பற்றி போர்ட் எழுதிய பகுதியைச் சார்ந்தவை. நூலின் இதயம் அதுவே. ‘ரைம்’ எஞ்சிய 12,500 டொலரைத் தர மறுத்துவிட்டது. 1985ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இது நியாயமான உபயோகமன்று என்றது. செய்தி என்னும் நோக்கம் சட்டத்திலேயே கூறப்பட்டிருந்தும் ‘நேஷன்’ தப்பவில்லை. திறந்த கதவு என்பது காவலற்ற கதவு என்று எண்ணுவோர்க்கு இவ்வழக்கு நல்ல மறுமொழி.

இனி அவுஸ்திரேலியாவுக்கு வரலாம். சீர்திருத்தப் போராட்டம் மிக நீண்டு நடந்த நாடு அதுவே. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் காசு இட்டு இயக்கும் நிழற்பிரதி இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. எழுத்தாளர் பிராங்க் மூர்ஹவுசின் சிறுகதைத் தொகுதி ஒன்றிலிருந்து ஒரு கதை அவ்வியந்திரத்திற் பிரதி செய்யப்பட்டது. 1975ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம், இயந்திரத்தையும் நூலையும் ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தக்க கண்காணிப்புச் செய்யாத பல்கலைக்கழகம் அவ்வுரிமை மீறலுக்கு இடங்கொடுத்ததாகும் என்று தீர்த்தது. எழுத்தாளர் பக்கத்து நியாயம் இங்கே வலுவானது. ஒரு சிறுகதைத் தொகுதி விற்று வரும் பணம் எவ்வளவு என்பதை எழுதிப் பிழைக்க முயன்றவர்களே அறிவர். அந்நாட்டுப் பாராளுமன்றம் 1980ஆம் ஆண்டில் இதற்கு ஓர் ஒழுங்கு செய்தது. கல்வி நிலையங்கள் கட்டணம் செலுத்திப் பிரதி செய்யலாம். படிப்புக்காக ஒருவர் தாமே ஒரு நூலின் பத்திலொரு பங்கையோ ஓர் அத்தியாயத்தையோ பிரதி செய்தால் அது நியாயமானதென்றே கொள்ளப்படும். மாணவர்க்கு இது பெரும் வசதி. நீதிபதியின் மனம் எவ்வாறிருக்கும் என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. பக்கங்களை எண்ணினால் போதும்.

ஆயினும் பட்டியலில் இல்லாத செயல்கள் பெருகிக்கொண்டே வந்தன. 1998ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பதிப்புரிமைச் சட்ட மீளாய்வுக் குழு பட்டியலைத் திறந்துவிடுமாறு கூறிற்று, அது நிறைவேறவில்லை. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி, ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டுகளாக இருந்த உரிமைக்காலம் 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 70 ஆண்டுகளாயிற்று. அமெரிக்கச் சட்டத்தின் நீண்ட பூட்டு வந்து சேர்ந்தது; அதற்குரிய திறவுகோல் மட்டும் கடல் கடந்து வரவில்லை. இம்முரண்பாட்டைப் பாராளுமன்றக் குழுக்களே சுட்டிக்காட்டின. அதன் பயனாக 2006ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பிறந்தது. கேலியும் அங்கதமும் பட்டியலிற் சேர்ந்தன. நேரம் மாற்றிப் பார்ப்பதற்காகப் பதிவு செய்தல் அனுமதிக்கப்பட்டது. தாம் வாங்கிய இசைத்தட்டைத் தமது கையடக்கக் கருவிக்கு மாற்றிக்கொள்ளல் அனுமதிக்கப்பட்டது. பழைய வீடியோ நாடாவிலுள்ள படத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றலாம் என்றும் சட்டம் கூறியது. ஆனால் டீவீடீத் தட்டிலுள்ள படத்துக்கு அவ்வனுமதி இல்லை. வீடியோ நாடா மறைந்துகொண்டிருந்த காலத்தில் அதற்கு அனுமதி கிடைத்தது என்பதே இவ்வகைச் சட்டத்தின் இயல்பை உணர்த்தும்.

அடுத்த சோதனைக்கு ஆறு ஆண்டுகூடச் செல்லவில்லை. ஒப்ரஸ் என்னும் தொலைபேசிக் கம்பனி, வாடிக்கையாளர் தம் கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால், தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தன் கணினிகளிற் பதிவு செய்து அவருக்குக் காட்டும் சேவையைத் தொடங்கியது. உதைபந்தாட்டப் போட்டிகளை ஏறக்குறைய நேரடியாகவே இவ்வாறு பார்க்க முடிந்தது. போட்டிகளின் இணைய ஒளிபரப்பு உரிமையை விற்றிருந்த விளையாட்டுச் சங்கங்கள் எதிர்த்தன. 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதல் நீதிபதி, பதிவு செய்தவர் வாடிக்கையாளரே, ஆதலால் சட்டம் அவரைக் காக்கும் என்றார். ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்ததில் கம்பனிக்கும் பங்குண்டு, ஆதலால் விதிவிலக்குப் பொருந்தாது என்றது. ஊன்றி நோக்கினால், இரு தீர்ப்புகளும் பொத்தானை அழுத்தியவர் யார் என்பதையே ஆராய்ந்தன. அச்செயல் நியாயமானதா, உரிமையாளர் சந்தையை அது கெடுத்ததா என்னும் வினாவுக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. பதிவு இயந்திரத்தை மனத்திற் கொண்டு எழுதிய விதி, அதன் உருவம் மாறியதும் தடுமாறியது.

அதே ஆண்டில் அவுஸ்திரேலியச் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் இவ்விடயம் ஒப்படைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் அறிக்கை, அமெரிக்க முறையை ஒத்த நியாயமான உபயோகத்தை ஏற்குமாறு பரிந்துரைத்தது. நான்கு அளவுகோல்களும், உதாரணமாகப் பதினொரு நோக்கங்களும் அதிலே கூறப்பட்டன. அரசாங்கம் அதனை ஏற்காவிடின், எல்லாக் கையாளுகைகளையும் ஒரே பிரிவிற் கொணர்ந்து பட்டியலையேனும் நீட்டுக என்று இரண்டாம் வழியும் காட்டப்பட்டது. 2016ஆம் ஆண்டில் உற்பத்தித்திறன் ஆணைக்குழுவும் முதல் வழியையே ஆதரித்தது. 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிலில் அரசாங்கம் அப்பரிந்துரையைக் குறித்துக்கொண்டதாக மட்டும் கூறிற்று. அரசாங்க மொழியில் இதன் பொருள் யாதென்பது எல்லா நாட்டாருக்கும் விளங்கும். அங்கவீனர்களுக்கு நூல்களை ஏற்ற வடிவில் ஆக்கிக் கொடுத்தல் மாத்திரம் அவ்வாண்டில் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

எதிர்த்து நின்றோரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க முறை நீதிமன்றத்தை நம்பி நிற்பது; நீதிமன்றம் செல்வதற்குப் பணம் வேண்டும். கவிஞர் ஒருவரின் ஆக்கத்தைப் பெருங்கம்பனி ஒன்று எடுத்தாண்டு, இது நியாயமான உபயோகம் என்று கூறினால், அதனை மறுக்க அக்கவிஞர் எந்த வழக்கறிஞரிடம் செல்வார்? பட்டியல் முறை குறுகியதாயினும், வீதியோரத்து எல்லைக்கல்லைப் போல எவர் கண்ணுக்கும் தெரிவது. எழுத்தாளரும் பதிப்பாளரும் கனடாவையும் சுட்டிக்காட்டினர். அந்நாட்டு உயர் நீதிமன்றம் ரொறன்ரோவிலுள்ள சட்ட நூலகம் ஒன்றின் வழக்கில் 2004ஆம் ஆண்டில், நியாயமான கையாளுகை என்பது வெறும் விதிவிலக்கன்று, பயன்படுத்துவோரின் உரிமை. அதனை விரிந்த மனத்துடன் பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2012ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கல்வி, கேலி, அங்கதம் என்பவற்றைப் பட்டியலிற் சேர்த்தது. அதன்பின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் பல, உரிமைச் சங்கத்துக்குக் கட்டிவந்த பணத்தை நிறுத்திவிட்டன. ஆண்டுதோறும் சிறு தொகையேனும் பெற்றுவந்த எழுத்தாளர்க்கு இது மெய்யான நட்டம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. கனடாவின் சட்டம் அமெரிக்கச் சட்டமன்று. அது இன்றும் பட்டியல் முறையையே கொண்டது. பட்டியலும் விரிந்து கொடுக்கும் என்பதற்கே அது சான்றாகின்றது.

டில்லி வழக்கும் இதனையே காட்டும். டில்லிப் பல்கலைக்கழக வளவிலுள்ள நிழற்பிரதிக் கடை ஒன்று, பாடத்திட்டத்துக்குரிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்தும் எடுத்துக் கட்டுகளாக்கி மாணவர்க்கு விற்றது. மூன்று பெரும் பதிப்பகங்கள் 2012ஆம் ஆண்டில் வழக்கிட்டன. மூலநூல்களை வாங்குவதானால் மாணவர் பலருக்குப் படிப்பே எட்டாக்கனியாகும் என்பது மறுபக்கத்தின் கூற்று. 2016ஆம் ஆண்டில் டில்லி மேல் நீதிமன்றம் மாணவர்க்குச் சார்பாகத் தீர்த்தது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இங்கே கைகொடுத்தது திறந்த விதியன்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் பிரதி செய்தல் உரிமை மீறலாகாது என்று தெளிவாக எழுதப்பட்ட ஒரு வாசகமே. நன்றாக எழுதிய ஒரு வரி, நான்கு அளவுகோல்களை விடவும் ஏழை மாணவர்க்கு உறுதியான துணையாக நின்றது.

இங்கிலாந்து நெடுங்காலம் தடைப்பட்டதற்குக் காரணம் வேறு. 2011ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹார்கிரீவ்ஸ் அளித்த அறிக்கை, அமெரிக்க முறையை ஏற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடந்தராது என்று கண்டது. எனவே 2014ஆம் ஆண்டில் மேற்கோள், கேலி முதலியன தனித்தனி விதிகளாகச் சேர்க்கப்பட்டன. தாம் வாங்கிய இசையைத் தம் உபயோகத்துக்குப் பிரதி செய்யலாம் என்னும் விதியும் அவ்வாண்டு வந்தது. மறு ஆண்டே நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டது. இசைவாணர்க்கு நட்டஈடு வகுக்காமைக்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்பது காரணம்.

அண்மைக் காலத்தில் இவ்விவாதத்தை மீண்டும் கிளறிவிட்டது செயற்கை நுண்ணறிவு. இலட்சக்கணக்கான நூல்களைக் கணினிக்கு ஊட்டிப் பயிற்றுதல் நியாயமான உபயோகமாகுமா? 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் ஒரு நீதிபதி, தம்முன் வந்த வழக்கில் ஆகாது என்றார். ஜூன் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இரு நீதிபதிகள், சில நாள் இடைவெளியில், வெவ்வேறு வழக்குகளிற் கம்பனிகளுக்குச் சார்பாகத் தீர்த்தனர். ஆனால் ஒருவர் கூறிய காரணத்தை மற்றவர் ஒப்பவில்லை. களவாக வெளியிடப்பட்ட பிரதிகளைத் திரட்டி வைத்தல் நியாயமாகாது என்று முன்னவரே தம் தீர்ப்பில் வேறு பிரித்தும் காட்டினார். எழுத்தாளர் அஞ்சியது இதனையே, கம்பனிகள் நம்பியதும் இதனையே. அதே ஆண்டு ஒக்டோபரில் அவுஸ்திரேலிய அரசாங்கம், இத்தகைய பயிற்றலுக்கு விதிவிலக்கு அளிக்கப்போவதில்லை என்று அறிவித்தது.

சிங்கப்பூர் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி கண்டது. அவுஸ்திரேலியச் சட்டத்தைப் பெரிதும் பின்பற்றி 1987ஆம் ஆண்டில் அமைந்த அதன் சட்டம், 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பட்டியலைத் திறந்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் புதிய சட்டம் பெயரையும் ‘நியாயமான உபயோகம்’ என்று மாற்றியது. அவ்வாறு திறந்த பின்னரும், கணினி மூலம் தரவுகளை ஆராய்தல் முதலியவற்றுக்குத் தனி விதிகளையும் அச்சட்டம் எழுதி வைத்துள்ளது. எல்லைக்கல் வேண்டுவோர்க்கு எல்லைக்கல்லும், கல் நாட்டப்படாத நிலத்துக்கு நியாயத் தராசும் அங்கே உண்டு.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அமைப்பில் இதனை ஒத்ததே. 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் இடத்தை 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துக் கோவை பெற்றது. அதன் இடத்தை இச்சட்டம் பெற்றது. இதன் 11ஆம் பிரிவு அமெரிக்க 107ஆம் பிரிவைப் பெரும்பாலும் அடியொற்றியது. கண்டனம், செய்தி, ஆராய்ச்சி என்பவற்றோடு, வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுத்தலும் அங்கே பெயர்சுட்டிக் கூறப்பட்டுள்ளது. நான்கு அளவுகோல்களும் உள்ளன. அடுத்துவரும் 12ஆம் பிரிவு தனித்தனிச் செயல்களை எடுத்துக் கூறுகின்றது. ஆனால் சட்டத்தின் சொற்களைக் கப்பலேற்றிக் கொணர்வது எளிது. அச்சொற்களுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் 1841 முதல் வழக்குக்கு வழக்காகக் கொடுத்து வந்த பொருளை அவ்வாறு கொணர்தல் எளிதன்று. அத்தீர்ப்புகள் இலங்கை நீதிபதியைக் கட்டுப்படுத்தமாட்டா. இந்நாட்டு அளவுகோல்களுக்கு இந்நாட்டு வழக்குகளே எடை சேர்க்க வேண்டும். வழக்குத் தொடுப்பதற்குரிய பொருள்வசதியோ, பிரதி எடுப்போரிடத்தும் எழுதுவோரிடத்தும் மிகுதியாக இருப்பதில்லை.

வெளிநாட்டில் அச்சான பாடநூல் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். அதன் விலை ஒரு மாணவரின் பல மாதச் செலவுக்குச் சமம். நூலகத்தில் ஒரே பிரதி. இரவல் கேட்டு எண்பது பெயர்கள். தனிப்பட்ட தேவைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று 12ஆம் பிரிவு கூறுகின்றது. ஆயினும் நூல் முழுவதையுமோ அதன் கணிசமான பகுதியையோ நிழற்பிரதி எடுத்தலுக்கு அவ்வனுமதி செல்லாது என்றும் அதுவே கூறுகின்றது. 11ஆம் பிரிவோ, கற்றலும் கற்பித்தலும் ஆகிய நோக்கத்தையும், எடுத்த அளவையும், சந்தைக்கு நேரும் பாதிப்பையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கச் சொல்கின்றது. அந்நூல் இந்நாட்டுக் கடைகளில் விற்பனைக்கே வராததாயின், பாதிக்கப்படும் சந்தை எது? அதே நூலை உள்ளூர் ஆசிரியர் ஒருவர் எழுதித் தம் பணத்திலேயே அச்சிட்டு, ஐந்நூறு பிரதிகளை விற்கக் கடை கடையாக ஏறி இறங்குபவராயின், விடை அதுவாகவே இருக்குமா? ஒரே பிரிவு, ஒரே இயந்திரம், பக்க எண்ணிக்கையும் ஒன்றே. தராசின் தட்டு இரண்டு முறையும் ஒரே பக்கம் சாயாது. அது எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய பட்டியல் 11ஆம் பிரிவில் இல்லை.